முதுமொழியும் புதுமொழியும்

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் முதுமொழி. ஆசிரியர் பணியிலிருக்கும் நாமும் இதனைப் பெற்றோர் கூட்டங்களில் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். பிள்ளைகளை இளமையிலேயே பள்ளிக்கு அனுப்புங்கள் என்று அறிவுறுத்தும் அளவில் இம்முதுமொழி நன்மையே செய்கிறது. ஆயின், முப்பதும் நாற்பதும் கடந்த ஒருவர் புதியதொரு மொழியைக் கற்க விரும்பி ஏடெடுக்கும்போது, அவர் கையிலிருந்து அவ்வேட்டைப் பிடுங்கி வைக்கவும் இதுவே பயன்படுகிறது. “இந்த வயதில் உனக்கு எதற்கு இங்கிலீஷ்?” என்று உற்றாரே கேட்கின்றனர்.

நம் சமுதாயத்தைப் பொறுத்தமட்டில் இம்முதுமொழியை நோக்கி நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. ஐந்தில் வளைவதற்கு நம் முன்னோருக்கு இடமளிக்கப்பட்டதா? திண்ணைப் பள்ளியின் திண்ணையில் அவர்களை ஏற விடாதவர்களே, பின்னாளில் ‘ஐம்பதில் வளையுமா?’ என்றும் கேட்டார்கள். காலந்தாழ்ந்து கற்பது நம்மவருக்குச் சோம்பலால் நேர்ந்த குறையன்று. பிறர் இட்ட தடையால் வந்த நிலை. எனவே, வயது முதிர்ந்தபின் புதுமொழி கற்றல் இயலுமா, அதனால் விளையும் பயன் என்ன என்பன நமக்கு வெறும் பொழுதுபோக்கு வினாக்கள் அல்ல. இவற்றிற்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் வாழும் திருச்சிராப்பள்ளியும், காவிரிக்கு அப்பாலுள்ள திருவரங்கமும் தக்க சான்றுகளைத் தம்மிடத்தே வைத்துள்ளன. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவற்றைச் சிறிது நோக்குவோம்.

பல மொழிகள் சந்தித்த நகரம்

மலைக்கோட்டையின் மேற்குடைவரையில், கி.பி. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் வெட்டுவித்த வடமொழிச் சாசனம் கிரந்த எழுத்தில் இன்றும் உள்ளது. திருவரங்கம் பெரிய கோயிலிலோ அறுநூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் கண்டறியப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை தமிழில் இருப்பினும், வடமொழி, தெலுங்கு, கன்னடம், மராத்தி, ஒரிய மொழிகளில் அமைந்தனவும் உண்டு. ஒரே கோயிலின் சுவர்களில் இத்தனை மொழிகள் இடம்பெற்றிருப்பது இவ்வூருக்கு வந்து சென்ற மக்களின் பெருக்கத்தைக் காட்டும்.

மதுரை நாயக்கர் சில காலம் திருச்சியையே தலைநகராகக் கொண்டபோது அரசவையில் தெலுங்கு வழங்கியது. 1736-ஆம் ஆண்டில் சந்தா சாகிபு அரசி மீனாட்சியிடமிருந்து கோட்டையைக் கவர்ந்தார். பாரசீகம் ஆட்சி மொழியாக வந்தது. 1741-இல் மராத்தியர் கோட்டையைப் பிடித்தனர். 1752-இல் பிரெஞ்சுப் படை திருவரங்கத் தீவில் தங்கி, முடிவில் ஆங்கிலேயரிடம் அங்கேயே சரணடைந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டு இடைவெளிக்குள் தமிழும் தெலுங்கும் பாரசீகமும் மராத்தியும் பிரெஞ்சும் ஆங்கிலமும் இக்காவிரிக் கரையில் ஒலித்தன. இங்கு வாழ்ந்தோர், பிழைப்பதற்கு வந்தோர், ஆள்வதற்கு வந்தோர் ஆகிய எல்லோருக்கும் வளர்ந்தபின் ஒரு புதுமொழியைக் கற்க வேண்டிய தேவை இருந்தது.

ஆனால், இக்கல்வெட்டுகளை நம் முன்னோர் படித்தறிந்தாரில்லை. படிப்பது இருக்கட்டும், அவை வெட்டப்பெற்ற சுவர்களின் அருகே நிற்கவும் அவர்களுக்கு உரிமையில்லை. 1947-ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் வந்த பின்னரே தாழ்த்தப்பட்டோர் எல்லாக் கோயில்களிலும் நுழையும் உரிமை சட்டத்தால் உறுதியாயிற்று. உறையூரில் பாணர் குடியில் தோன்றியவர் என்று போற்றப்படும் திருப்பாணாழ்வார், அரங்கனைக் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார் என்பது வைணவ மரபு கூறும் செய்தி. அவர் நின்ற அத்தென்கரையில்தான் நம்மவர் பல நூற்றாண்டுகள் நின்றனர்.

கடல் கடந்து வந்து கற்றோர்

இந்நிலத்திற்கு வெளிநாட்டிலிருந்து வந்து, வளர்ந்த வயதில் நம் மொழியைக் கற்றவர்களுள் தலைசிறந்தவர் வீரமாமுனிவர். 1680-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி அடிகளாரே பின்னாளில் இப்பெயர் பெற்றார். தமிழகம் வந்தபோது அவருக்கு வயது முப்பது. அதுவரை தமிழில் ஒரு சொல்லும் அவர் அறியார். முப்பது வயதில் அகரம் தொடங்கிய அவர், 1726 அளவில் 3,615 பாடல்களைக் கொண்ட தேம்பாவணிக் காப்பியத்தை இயற்றினார். 1730-இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கத்தையும், 1732-இல் சதுரகராதியையும் அளித்தார். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை எளிதில் கண்டுகொள்ளுமாறு எழுத்து வடிவைத் திருத்தியவரும் அவரே. நம் குழந்தைகள் இன்று சிலேட்டில் எழுதும் ‘ஏ’யும் ‘ஓ’வும், முப்பது வயதில் தமிழ் கற்கத் தொடங்கிய ஒருவரின் கைவண்ணம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கொள்ளிடத்திற்கு வடக்கேயுள்ள ஏலாக்குறிச்சியில் அவர் நெடுங்காலம் பணியாற்றினார். திருச்சியில் சந்தா சாகிபுவைக் காண்பதற்காகப் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார் என்பது வழிவழி வரும் செய்தி. அப்போது அவர் ஐம்பதைக் கடந்தவர்.

அவருக்குப் பின் திருச்சி கண்ட பெருமகனார் சுவார்ட்சு ஐயர். 1726-இல் செருமானிய நாட்டில் பிறந்த இவர், 1750-இல் தரங்கம்பாடி வந்தடைந்து, அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே தமிழில் சொற்பொழிவாற்றினார். 1762 முதல் திருச்சி இவரது பணிக்களமாயிற்று. வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்ததில் தந்தையரை இழந்த படைவீரர் பிள்ளைகளுக்கு இவர் பள்ளி தொடங்கினார். கோட்டைப் பகுதியில் 1766-இல் திறக்கப்பட்ட கிறிஸ்து நாதர் ஆலயம் இவர் முயற்சியால் எழுந்தது. திருச்சியில் நவாபுவின் அதிகாரிகளோடும் முஸ்லிம் மக்களோடும் பேசுவதற்காக இவர் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். தஞ்சை சென்றபின் மராத்தி கற்றார். 1779-இல் ஆங்கிலேயர் ஐதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்ப நினைத்தபோது, சீரங்கப்பட்டணத்திற்குச் செல்லத் தக்கவர் என்று இவரையே தெரிந்தெடுத்தனர். நேர்மையும், இடையில் துபாஷி இன்றிப் பேசும் ஆற்றலும் ஒருங்கே அமைந்தவர் வேறொருவர் அவர்களுக்குக் கிட்டவில்லை. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

1826-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் திருச்சியில் உயிர்நீத்த ஹீபர் அத்தியட்சரையும் ஈண்டு நினைவுகூரலாம். நாற்பது வயதில் இந்தியா வந்த அவர், தம் இறுதி நாளின் காலையில் இந்நகரத்துத் தமிழ்ச் சபையாருக்குத் தமிழிலேயே ஆசி கூறினார். அவருக்குத் தெரிந்த தமிழ் சிலவே. எனினும், கேட்போரின் மொழியில் சில சொற்களேனும் கூற வேண்டும் என்று அவர் கருதினார். இதுவும் கற்றலில் ஒரு படியே.

இவர்கள் எவ்வாறு கற்றனர்? தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் முறை இதற்கு விடையளிக்கும். இருபத்து நான்கு வயதினரான அவர், தமிழ்ச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார். பல்கலைக்கழகம் கண்ட ஒருவர் சிறுவரோடு மணலில் அமர நாணவில்லை. மொழி கற்பதற்கு முதற்கண் வேண்டுவது இந்த நாணமின்மையே என்பது எம் கருத்து.

கற்கவிடாது தடுக்கப்பட்டோர்

இதுவரை கூறியவற்றைப் படிக்கும் இளைஞர் ஒருவர், “அவர்கள் மேனாட்டார், பின்னால் சங்கங்கள் இருந்தன, ஆசிரியர் கிடைத்தனர், நமக்கு யார் கிடைத்தார்?” என்று கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்வியே அது.

1606-இல் மதுரைக்கு வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி என்னும் தத்துவ போதகரை எடுத்துக்கொள்வோம். வயது இருபத்தொன்பது. தமிழும் தெலுங்கும் கற்றதோடு, சிவதர்மர் என்னும் தெலுங்கு அந்தணரிடம் வடமொழியும் கற்றார். வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியர் என்று அவர் போற்றப்படுகிறார். அக்கல்வியைப் பெறுவதற்காக அவர் உயர்குலத் துறவியின் கோலம் பூண்டு, தாழ்த்தப்பட்டோரோடு கலந்து பழகாது வாழ்ந்தார். ஒடுக்கப்பட்ட மக்களிடையே பணிபுரியப் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவினர் 1640-இல்தான் ஏற்படுத்தப்பட்டனர். அப்பணி திருச்சிப் பகுதியிலும் நடைபெற்றது.

ஏழு கடலுக்கு அப்பாலிருந்து வந்தவருக்கு 17-ஆம் நூற்றாண்டில் கிடைத்த வடமொழிக் கல்வி, இம்மண்ணிலே பிறந்த ஒருவருக்கு 20-ஆம் நூற்றாண்டிலும் கிடைக்கவில்லை. அவரே அண்ணல் அம்பேத்கர். 1891-இல் பிறந்த அண்ணல், பம்பாயில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோது வடமொழியைப் பாடமாக எடுக்க விரும்பினார். தீண்டப்படாத வகுப்பினர் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. பாரசீகம் எடுத்துப் படிக்க நேர்ந்தது. 1912-இல் அவர் இளங்கலைப் பட்டம் பெற்றது ஆங்கிலமும் பாரசீகமும் கொண்ட பாடத்திலேயே. பாரசீகத்தை அவர் வெறுக்கவில்லை. ஆனால் தம் மக்களைத் தாழ்த்திய விதிகள் எம்மொழியில் எழுதப்பட்டிருந்தனவோ, அம்மொழியைத் தாமே படிக்க வேண்டும் என்ற வேட்கை அவரை விட்டு நீங்கவில்லை.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உயர்பட்டங்கள் பெற்றதற்கிடையே அவர் செருமானிய மொழியும் கற்றார். பான் பல்கலைக்கழகத்திற்கு 1921-இல் அம்மொழியிலேயே தம் கைப்பட எழுதி விண்ணப்பித்தார். பின்னர், பொதுவாழ்வின் ஓயாத போராட்டங்களுக்கிடையே, பள்ளியில் மறுக்கப்பட்ட வடமொழியைச் சொந்த முயற்சியால் பயின்றார். அவருடைய நேர்மையை இங்குக் குறிப்பிட வேண்டும். சூத்திரர் யார் என்பதை ஆராய்ந்து 1946-இல் அவர் வெளியிட்ட நூலின் முன்னுரையில், வடமொழியில் தமக்கு முழுப்புலமை உண்டென்று உரிமை கொண்டாடவில்லை. மூலநூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புகளைப் பல்லாண்டுகள் ஆழ்ந்து கற்றதையும், வடமொழிப் புலமை இன்மை ஆராய்ச்சிக்குத் தடையாகாது என்பதையும் ஒளிக்காது எடுத்துரைத்தார். தெரிந்ததைத் தெரிந்த அளவிற்கே கூறும் இப்பண்பு, காலந்தாழ்ந்து கற்கும் ஒவ்வொருவருக்கும் வேண்டுவது.

புத்த நெறியில் உள்ளம் ஊன்றிய பிற்காலத்தில் அண்ணல் பாலி மொழியில் இறங்கினார். நோயும் அரசுப்பணியும் அரசியலமைப்புப் பணியும் நெருக்கிய காலம் அது. அக்காலத்தே அவர் பாலி இலக்கணத்தையும் அகராதியையும் தொகுத்தார். அவர் மறைவுக்குப் பின், மராட்டிய மாநில அரசு வெளியிட்ட அவரது நூல் தொகுதியின் 16-ஆம் பகுதியாக 1998-இல் அது அச்சேறியது. 1956 அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பல இலட்சம் மக்களோடு அவர் புத்த நெறி தழுவியதை நாம் அறிவோம். அதற்கு முன் அகராதித் தாள்களின்மீது அவர் குனிந்து அமர்ந்திருந்த இரவுகளை நாம் நினைப்பதில்லை.

நம் தமிழகத்தில் அவருக்கு முன்னோடியாக விளங்கிய அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) தமிழோடு வடமொழி, பாலி, ஆங்கிலமும் அறிந்தவர். தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் கொழும்பு சென்று புத்த நெறி ஏற்றார்; அறுபத்திரண்டாம் வயதில், 1907-இல், ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். பன்மொழியறிவைக் கொண்டு நம் வரலாற்றை நாமே எழுதலாம் என்று காட்டியவர் அவர்.

செவி வழியே கற்ற நம் முன்னோர்

பெருமக்கள் ஒருபுறமிருக்க, பெயர் எழுதப்படாத நம் பாட்டன் பாட்டியரும் புதுமொழி கற்றோரே.

ஆங்கிலேயர் திருச்சியில் படை வைத்திருந்த காலத்தில், கன்டோன்மென்ட் பகுதியில் சமையலராகவும் பட்லராகவும் ஆயாவாகவும் குதிரைக்காரராகவும் நம்மவர் பலர் பணிபுரிந்தனர். எழுத்தறியாத அவர்கள் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பேசினர். அதனைப் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று படித்தவர் நகையாடினர். இன்றும் பிழைபட ஆங்கிலம் பேசுவோரை அப்பெயரால் எள்ளுவதைக் காண்கிறோம். பள்ளியும் இன்றி, புத்தகமும் இன்றி, பகலெல்லாம் உழைத்துக்கொண்டே, அயலார் ஒருவரின் மொழியைச் செவியால் பற்றி, அதனைக் கொண்டு குடும்பம் காத்தவர்களை நகைப்பது முறையா? இலக்கணப் பிழை அவர்களுடையது. அவர்களுக்கு இலக்கணம் கற்பிக்காத பிழை யாருடையது?

படைப்பணி நம்மினத்தார் பலருக்குக் கல்வியின் வாயிலாகவும் அமைந்தது. அண்ணலின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்தவர். படைப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றியவர் என்பதை நாம் மறக்கலாகாது.

கடல் கடந்து சென்றோர் வரலாறும் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்ப்பதற்காக 1904-இல் ஏற்படுத்தப்பட்ட இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமையிடம் நம் திருச்சியிலேயே இருந்தது. கங்காணிகள் வழியே சென்றோருள் தாழ்த்தப்பட்ட மக்கள் மிகப்பலர். இலங்கையில் சிங்களமும், பருமாவில் பருமியமும், மலாயாவில் மலாயும் அவர்கள் வளர்ந்த வயதில் கற்ற மொழிகள். 1964-இல் பருமாவிலிருந்து திரும்பியோரும், அவ்வாண்டு அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப்பின் இலங்கையிலிருந்து வந்தோரும் திருச்சிப் பகுதியிலும் குடியேறினர். தமிழ் எழுத்தே அறியாத மூதாட்டியர் அயல்மொழியில் சரளமாகப் பேசுவதை அக்குடியிருப்புகளில் கேட்டோர் உண்டு. அவர்களைக் கல்லாதவர் என்று கணக்கெடுப்புத் தாள் கூறியது.

தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றிய இரட்டைமலை சீனிவாசனார், காந்தியடிகளுக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்பித்தார். காந்தியடிகளும் முப்பத்தைந்தைக் கடந்தபின் சிறையில் அமர்ந்து தமிழ் பயின்றவரே. கற்பித்தவர் நம்மவர் என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஒரு தாளின் கதை

இங்கு எம் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூற இசைவு வேண்டுகிறோம். தற்புகழ்ச்சிக்காக இதனை எழுதவில்லை. மொழியறியாமையால் நம்மவர் இழந்தது எத்தகையது என்பதை இளைஞர் உணர வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

செங்கற்பட்டு ஆட்சியராக இருந்த திரெமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் சென்னை மாகாண அரசு தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று வழங்குவது இதுவே. குறித்த காலம்வரை அந்நிலத்தை விற்கலாகாது, அதன்பின்னும் பிற வகுப்பார்க்கு விற்கலாகாது என்பது கட்டுப்பாடு. எம் பாட்டனாருக்கும் லால்குடிப் பக்கத்தில் ஏறத்தாழ ஒன்றே முக்கால் ஏக்கர் அவ்வாறு கிடைத்தது. அதற்குரிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. அதனை அவர் மஞ்சள் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, பொங்கல்தோறும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார் என்று கூறுவர். அதில் எழுதியிருந்தது என்னவென்று அவருக்கோ எங்கள் தெருவில் வேறெவருக்கோ தெரியாது.

மகள் திருமணத்திற்காக வாங்கிய கடனுக்கு ஈடாக, ஒருவர் நீட்டிய மற்றொரு தாளில் அவர் கைநாட்டு வைத்தார். அது கடன் பத்திரம் என்று கூறப்பட்டது. கிரயப் பத்திரம் என்பது, ஏர் பூட்டிச் சென்றபோது வரப்பில் அவரை நிறுத்திய பின்னரே தெரிந்தது.

எம் தந்தையார் பொன்மலை இரயில்வே பணிமனையில் கலாசியாகச் சேர்ந்தவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார், ஆங்கிலம் அறியார். தம் நாற்பத்தோராம் வயதில் உடன் பணிபுரிந்த ஃபிட்டர் ஒருவரிடம், நண்பகல் உணவு வேளையில், பழைய இரும்புத் தகட்டில் சுண்ணக்கட்டியால் எழுதி ஆங்கில எழுத்துகளைக் கற்றார். “பேரன் எடுக்கும் வயதில் ஏ, பி, சி, டியா?” என்று தோழர் நகைத்தனர். இரண்டாண்டு கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரப் பெட்டியிலிருந்த தாளை எடுத்து விரித்து, விரலை ஒவ்வொரு சொல்லின்மீதும் வைத்துப் படித்தார். சிறுவராகிய நாம் அருகில் இருந்தோம். முதற் பக்கத்தைக் கடக்க ஒரு பகல் சென்றது. விற்கலாகாது என்ற வாசகத்தைக் கண்டபோது அவர் விரல் அவ்விடத்திலேயே நின்றுவிட்டது. முப்பதாண்டுகளாக எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருந்த காப்பு அது. படிப்பாரின்றிக் கிடந்தது.

அவர் தாமே மனு எழுதினார், மீண்டும் எழுதினார். நிலம் திரும்பவில்லை. ஆயினும், அதன்பின் எங்கள் தெருவில் எந்தத் தாள் வந்தாலும் முதலில் அவரிடம் வந்தது. படித்துப் பொருள் கூறாத தாளில் எங்கள் தெருவார் எவரும் கைநாட்டு வைத்ததில்லை. நாற்பத்தோராம் வயதில் ஒருவர் கற்ற மொழி ஒரு தெருவையே காத்தது. தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டம் 1956-இல் இயற்றப்பட்டு இன்று அலுவலகத் தாள்கள் தமிழில் வருகின்றன. எனினும் வங்கி, காப்பீடு, மேல்நீதிமன்றம் ஆகியவற்றின் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன என்பதை மறவாதீர்கள்.

உளநூலார் கூறுவது

முதியோர் மொழி கற்க இயலாது என்ற கருத்திற்கு அறிவியல் துணை உண்டா? 1967-இல் எரிக் லெனபர்க் என்னும் அமெரிக்க அறிஞர், மொழியை இயல்பாகப் பற்றுதற்குரிய பருவம் பூப்புப் பருவத்தோடு முடிகிறது என்ற கருத்தை முன்வைத்தார். இதனைக் கொண்டு பலர், வளர்ந்தோருக்கு மொழிக்கல்வி வீண் என்று முடிவு கட்டினர். ஆனால் 1978-இல் வெளியான ஆய்வொன்றில் கேத்தரின் ஸ்னோவும் அவர்தம் துணை ஆய்வாளரும், ஒல்லாந்தில் டச்சு மொழி கற்ற ஆங்கில மொழியினரை மூன்று வயதுக் குழந்தை முதல் பெரியோர்வரை ஒப்பிட்டனர். தொடக்க மாதங்களில் விரைந்து முன்னேறியோர் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதினரும் பெரியோருமே. மிகச் சிறிய குழந்தைகளே பின்தங்கியிருந்தனர்.

வகுப்பறையில் எம் பட்டறிவும் இதனோடு ஒத்தது. தாய்மொழியினர் போன்ற ஒலிப்பு இளமையில் கற்போர்க்கே பெரிதும் வாய்க்கும்; இதனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சொற்பொருளும், இலக்கண ஒழுங்கும், படித்துணர்தலும் பெரியோர்க்கு அரியன அல்ல. அவர்கள் உலகறிந்தவர்கள். ஏன் கற்கிறோம் என்பதை அறிந்தவர்கள். அவர்களைத் தடுப்பன நேரமின்மையும் நாணமுமே.

நாணத்தைப் பற்றி எம் சொந்தப் பட்டறிவையும் கூறுவோம். எம் பள்ளியில் பயிலும் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இல்லத்தில் தெலுங்கு பேசுவோர். ஐந்து வயதில் பள்ளிக்கு வரும்போதே அவர்கள் புதுமொழியில் பாடம் கேட்கின்றனர். அவர்கள்தம் மொழியில் ஒரு சொல்லும் அறியாமல் நாம் இருபதாண்டுகளுக்குமேல் ஆசிரியராக இருந்துவிட்டோம். ஐம்பத்தோராம் வயதில் இவ்வெட்கம் உறைத்தது. தெலுங்கு கற்கத் தொடங்கினோம். முதல் முறை ஒரு மாணவியின் பாட்டியிடம் பேச முயன்றபோது, மரியாதைச் சொல்லின்றி ஒருமையில் ‘வா’ என்று அழைத்துவிட்டோம். பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். அந்த அம்மையார் சிரிக்கவில்லை. “இப்படிச் சொல்லுங்க, சார்” என்று மும்முறை சொல்லிக் கொடுத்தார். அன்று முதல் அவர் நமக்கு ஆசிரியை. இன்றும் பிழையோடுதான் பேசுகிறோம். ஆனால் பெற்றோர் கூட்டத்திற்கு முன்பு வாராதிருந்த தாய்மார் இப்போது வருகின்றனர்.

முடிவுரை

இளைஞர்களே, சங்க உறுப்பினர்களே! இதுவரை கண்ட வரலாற்றால் தெளிவாவது இது: ஐந்தில் கற்கும் வாய்ப்பு நம் முன்னோருக்கு மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதைப் பிற்காலத்தில் தாமே தேடிக்கொண்டவர்களால்தான் நம் சமுதாயம் இந்த அளவேனும் நிமிர்ந்தது. ஆகவே காலந்தாழ்ந்து கற்பது நமக்கு இழிவன்று. அது நம் முன்னோர் விட்டுச்சென்ற வழி.

நம் சங்கம் நடத்தும் மாலை வகுப்பில் இளைஞர் நிறைகின்றனர். பெரியோர் வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கின்றனர். அவர்களும் உள்ளே வந்து அமர வேண்டும் என்பது எம் வேண்டுகோள். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். முதலில் உங்கள் வங்கிப் புத்தகத்தையும், ஊதியச் சீட்டையும், மருந்துச் சீட்டையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கவிதையும் காப்பியமும் பின்னர் வரட்டும். இளைஞர்கள் தம் தாய் தந்தையர்க்கு ஆசிரியராகுங்கள். அவர்கள் தவறும்போது சிரியாதீர்கள். தூய்மைப் பணியாளர் குடியிருப்பில் எமக்குச் சொல் திருத்திய அம்மையாரைப்போல் மும்முறை சொல்லிக் கொடுங்கள்.

எம் பாட்டனாரின் தாள் இன்றும் எம்மிடம் உள்ளது. மடிப்புகளில் கிழிந்துவிட்டது. அதன் அருகில் எம் தந்தையார் தாமே ஆங்கிலத்தில் எழுதிய மனுவின் படியையும் வைத்திருக்கிறோம். அதில் எழுத்துப் பிழைகள் உண்டு. கீழே கைநாட்டு இல்லை, கையெழுத்து இருக்கிறது.

படிக்க இயலாத தாளில் நம்மவர் விரல் இனிப் பதியலாகாது. வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!